மூன்றாவது விசிட்டுக்கு வராதவர்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் சோதனைக் குழாயும் மைக்ராஸ்கோப்பும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு என் வேலை ஏமாற்றமாக இருக்கும். நான் ஸ்டடி கோஆர்டினேட்டர். சென்னையில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை. எந்தத் துறையில் ஆய்வு நடந்தாலும் அதன் அன்றாடப் பாட்டைச் சுமப்பது எங்கள் பிரிவு. சர்க்கரை, சிறுநீரகம், கண், குழந்தை, மனநலம், புற்றுநோய் என்று எல்லா வார்டுகளையும் சுற்றி வந்தாகிவிட்டது. ஒரு துறையின் பேச்சு இன்னொரு துறைக்குப் புரியாது. ஆனால் எல்லா இடத்திலும் என் நேரத்தை அதிகமாகத் தின்றது ஒரே வேலைதான்: வரவேண்டிய நாளில் வராதவரைத் தேடுவது.

இது ஏன் இத்தனை முக்கியம் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கணக்கு சொல்வேன். புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்க 200 பேரைச் சேர்க்கிறோம். குலுக்கல் முறையில் 100 பேருக்குப் புதியது, 100 பேருக்கு வழக்கமானது. புதிய மாத்திரை சிலருக்குக் குமட்டுகிறது. குமட்டியவர்களில் 20 பேர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். கடைசி விசிட்டுக்கு வந்த 80 பேரை மட்டும் எண்ணினால் அதைவிட அருமையான மாத்திரை உலகத்தில் கிடையாது. ஒத்துக்கொண்டவர்கள் மட்டும்தானே மிச்சம்! அதனால்தான் புள்ளியியல்காரர்கள், மருந்தை முழுக்கச் சாப்பிட்டாரோ இல்லையோ, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கத்திலேயே ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்கிறார்கள். எண்ண வேண்டுமென்றால் அந்த 20 பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஆய்வைத் திட்டமிடும்போதே சிலர் கழன்றுகொள்வார்கள் என்று கூடுதலாக ஆள் சேர்ப்பது வழக்கம்தான். அதில் எண்ணிக்கை சரியாகும், சாய்வு சரியாகாது. போனவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

சென்னைக்கு இது பழைய பாடம். 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த முயற்சி. லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் வந்து பொறுப்பேற்றார். காசநோய்க்காரரை சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்பதுதான் கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். இரு பக்கமும் ஒரே மருந்து: பாஸும் ஐசோனியசிடும், ஓராண்டு. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் நர்ஸும் உண்டு. வீட்டுப் பக்கம் விழுந்தவர்களுக்கு நெருக்கியடிக்கிற ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, அதோடு வேலைக்கும் போக வேண்டும். 1959இல் முடிவு வந்தபோது இரு பக்கமும் குணமானவர்கள் ஏறத்தாழ சமம். கூட இருந்த வீட்டாருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

வகுப்பறையில் கதை இதோடு முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு இதற்கப்புறம்தான் சுவாரசியம். வீட்டில் இருப்பவர் மருந்தை விழுங்கினாரா, கூரையில் சொருகி வைத்தாரா என்று எப்படித் தெரியும்? ஆள் அனுப்பினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்று மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் பெயர் வராத அந்த ஊழியர்கள் இல்லாமல் அந்த முடிவு இல்லை. அதே மையம் 1960களில், வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்துப் பார்த்தது. இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். எங்கள் தொழிலுக்கு அது தாய்வீடு.

செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இன்னும் பெரியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசியோ வெற்று ஊசியோ போட்டு, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஜெயித்த மருந்தைப் பற்றிச் சொன்னால் உலகம் உடனே நம்பிவிடும்; பலிக்கவில்லை என்று சொன்னால் குறுக்கு விசாரணை நடக்கும். ஆட்களைத் தவறவிட்டிருந்தால் ‘ஊசி பலிக்கவில்லையா, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லையா?’ என்ற ஒரு கேள்வியே அத்தனை வருட உழைப்பையும் கவிழ்த்திருக்கும்.

யார் தொடர்ந்து வருவார், யார் நின்றுவிடுவார் என்பது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். 2013க்குப் பிறகு அந்தப் படிவத்தில் முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் எழுத வேண்டும். நாமினி பெயரும் வேண்டும், ஆய்வினால் உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக. அதற்கு முன்பு நாட்டில் மருந்து ஆய்வுகளில் இறந்தவர்கள் குறித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனதன் விளைவு இது. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளில் இழப்பீட்டுக்கு ஒரு வாய்ப்பாடே இருக்கிறது: எட்டு லட்சம் ரூபாயை, வயதுக்கான ஒரு எண்ணாலும் நோயின் நிலைக்கான ஒரு எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். ஆரோக்கியமாக வந்து சேர்ந்தவருக்கு நோய்நிலைக்கான எண் 4. ஆறு மாதத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்ற நிலையில் வந்தவருக்கு அரை. நியாயமான சட்டம்தான். ஆனால் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை என்று சொல்லி உட்காரவைத்த மனிதரிடம் ‘உங்களுக்கு ஏதாவது ஆனா யார் பேரு எழுதட்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட் கேட்டால் பதில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் நாற்காலி பின்னால் நகரும்.

ஒரு லாரி டிரைவர் நேராகவே கேட்டார்: “இன்னா மேடம் இது, மாத்திர குடுக்கறேன்னு கூப்ட்டு சாவு கணக்கு எழுதறீங்க?”

“எதுவும் ஆவாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதுண்ணா. ஆனா எதுனா ஆச்சுன்னா நாங்க என்ன செய்யணும்ன்றத எழுதிக் குடுத்துடறேன். அதான் இது.”

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவியிடம் காட்டினார், மச்சானிடம் காட்டினார், திரும்பி வந்து இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆய்வு முடியும்வரை அவர் ஒரு விசிட்டையும் தவறவிடவில்லை. வண்டி நாக்பூரில் நின்றபோதுகூட போன் செய்து, அடுத்த நாலு நாளில் எப்போது வரலாம் என்று கேட்டார். கேள்வி கேட்டுக் குடைகிறவர்கள் நிலைத்து நிற்பார்கள். ‘டாக்டர் சொன்னா சரிம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?’ என்கிறவர்கள் மூன்றாவது விசிட்டில் காணாமல் போவார்கள். என் அனுபவத்தில் இது அநேகமாகத் தப்பியதில்லை. ஆள் சேர்க்க அவசரப்படுகிற இளம் டாக்டர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சாட்சி முழு விளக்கத்தின்போதும் கூட இருக்க வேண்டும். பக்கத்து பெட் நோயாளியின் அட்டெண்டர்தான் பெரும்பாலும் அகப்படுவார். அவர் கேட்கிற கேள்விகள் நோயாளி கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும். பிறகு ராகுகாலம். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பேனாவை நீட்டினால் ‘பன்னெண்டு ஆவட்டும்மா’ என்பார்கள். ஒருமுறை ஆய்வைச் சரிபார்க்க மருந்துக் கம்பெனி அனுப்பிய மானிட்டர் ஒருவர் ஃபைலைப் புரட்டி, விளக்கம் முடிந்த நேரத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் இருப்பதைப் பார்த்து, யோசிக்கத் தாராளமாக அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை. யோசிக்கத்தானே செய்தார்கள்.

துறைக்குத் துறை வராமல் போகும் காரணம் மாறும். சர்க்கரை ஆய்வில் நிற்கிறவர்கள் நன்றாக இருப்பதால் நிற்கிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எதற்காக ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும்? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த, இன்னும் வந்திராத 531 பேர், மூன்று ஆண்டு. எந்த உதவியும் பெறாத குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் 39 பேருக்கு. நோயே இல்லாதவரை மூன்று ஆண்டு வரவழைத்து ரத்தம் எடுத்தவர்களை எனக்கு உடனே நமஸ்காரம் பண்ணத் தோன்றும்.

எங்களுக்கு வெறும்வயிற்று ரத்தமே பெரும் பாடு. செஞ்சியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறுகிறவர், வழியில் பஸ் நிற்கும் இடத்தில் எல்லாரும் இறங்கி டீ குடிக்கும்போது என்ன செய்வார்? “டீ மட்டும்தாம்மா, வேற ஒண்ணும் சாப்புடல.” இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு அந்த விசிட் போயிற்று. திரும்பவும் வரச் சொன்னால் முகம் சுருங்கும். அதன்பிறகு போன் எடுக்கமாட்டார். கடைசியில் ரத்தம் கொடுத்த கையோடு கேன்டீனில் இட்லிக்கு டோக்கன், பஸ் செலவுக்குப் பணம் என்று ஏற்பாடு செய்தோம். அந்த டோக்கனுக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தர வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட கமிட்டி, பாதிப் பேர் வெளியாட்கள், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதர் அவசியம் இருக்க வேண்டும். எங்கள் கமிட்டியின் பொதுமனிதர்தான் கேட்டார்: “கூட வர்றவங்களுக்கு டோக்கன் இல்லையா? கெழவியக் கூட்டிட்டு வர்ற பேரன் பட்டினியா நிக்கணுமா?” அத்தனை பேராசிரியர்களில் ஒருவருக்கும் தோன்றாதது அது.

சிறுநீரகப் பிரிவில் தேட வேண்டியதே இல்லை. டயாலிசிஸ் நோயாளி வாரம் மூன்று முறை தானே வந்துவிடுவார், ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைப்போல வசதி இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. அங்கே ஆள் குறைவதெல்லாம் ஊருக்குப் பக்கத்திலேயே காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைத்துவிட்டால்தான். ஆய்வுக்கு நஷ்டம், அவருக்கு லாபம். அதை நான் காணாமல் போனதாகவே எண்ணுவதில்லை. படிவம் அப்படித்தான் எண்ணுகிறது.

கண் பிரிவு நேர்மாறு. நெல் அடிக்கும்போது உமி பட்டு, கரும்புச் சோகை கீறி, கருவிழியில் பூஞ்சைப்புண்ணோடு வருகிறவருக்கு வலி உயிர் போகும். முதல் வாரம் தினமும் வரச்சொன்னாலும் வருவார். வலி நின்ற அன்றே வருகையும் நிற்கும், ஏனென்றால் அறுவடை இன்னும் முடிந்திருக்காது. ஆனால் அந்தக் கண்ணால் கடைசியில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி; அதற்கு மூன்று மாதம் ஆக வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய பூஞ்சைப்புண் ஆய்வு 2013இல் வெளிவந்தது. 323 நோயாளிகள். நாட்டமைசின் என்ற பழைய சொட்டுமருந்து, வோரிகோனசோல் என்ற புதியதை ஜெயித்தது. புதியதே மேல் என்று பலரும் நம்பத் தொடங்கியிருந்த நேரம். வலியெல்லாம் போன பிறகும் மூன்றாம் மாதம் வந்து உட்கார்ந்து, எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டிய விவசாயிகள் கொடுத்த தீர்ப்பு அது. எங்கள் ஆய்வுகளில் நான் கடலை பறிக்கும் மாதம், நாற்று நடும் மாதம், நூறு நாள் வேலை நடக்கும் வாரம் எல்லாவற்றையும் சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பதற்குக் காரணம் இதுதான். நெறிமுறைப் புத்தகத்தில் ‘முன்பின் ஏழு நாள்’ என்று போட்டிருப்பார்கள். எந்த ஏழு நாள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

குழந்தைகள் பிரிவில் முகவரியே இரண்டு. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் தாய்வீட்டு முகவரியைத் தருவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்தவீடு போய்விடுவாள். தடுப்பூசி ஆய்வில் அடுத்த டோஸ் அதற்குள் வந்திருக்கும். அங்கே மாமியாருக்கு இந்த ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டார்கள். ரோட்டாவைரஸ் தடுப்பூசிக்காக டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2014இல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது, வேலூரில் எத்தனை அக்காமார்கள் எத்தனை மாமியார்களிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்றுதான் என் புத்தி போனது. இப்போது சேர்க்கும்போதே இரண்டு வீட்டு முகவரியும், முடிந்தால் மாமியார் போன் நம்பரும் வாங்கிவிடுகிறோம். பாட்டிகளிடம் தெர்மாமீட்டரையும் டயரி கார்டையும் ஒப்படைத்தால் அம்மாக்களைவிட ஒழுங்காக எழுதுவார்கள், அல்லது பேத்தியை எழுதவைப்பார்கள்.

மனநலப் பிரிவுக்கு வந்தபோதுதான் தேடுவதில் இருக்கிற ஆபத்து எனக்குப் புரிந்தது. சென்னையில் 1980களின் தொடக்கத்தில், ஸ்கிசோஃப்ரினியா முதன்முறையாக வந்த 90 பேரைச் சேர்த்துத் தொடங்கிய நெடுநாள் ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் பத்தாண்டு கழித்து அவர்களில் 76 பேரைக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள். செல்போன் இல்லாத காலம். வீடு மாறியிருப்பார்கள், கல்யாணமாகிப் போயிருப்பார்கள், நோய் வந்ததையே குடும்பம் மறைத்திருக்கும். பத்தாண்டு கழித்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும் என்பது தட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆய்வில் ஒரு பெண் நின்றுபோனாள். போன் செய்தபோது அவள் அம்மா எடுத்தார். “பொண்ணு பாக்க வராங்க கண்ணு. நீ வீட்டுக்கு வராத. வந்தே ஆவணும்னா சீட்டுக் கம்பெனில இருந்து வரேன்னு சொல்லு.” பொய் சொல்லிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை; அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கவும் மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாமா என்று கேட்டேன். அம்மா வந்தார். பெண்ணும் வந்தாள். பூக்கடைக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இனி ஆய்வில் தொடர விருப்பமில்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே, ஓபியில் வாங்கிக்கொள் என்றேன். விருப்பமில்லாவிட்டால் காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று ஒவ்வொரு படிவத்திலும் அச்சிட்டிருக்கிறோம். அந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமானால் பெஞ்சிலிருந்து அப்படித்தான் எழுந்து வர வேண்டும்.

நெறிமுறைகளில் பெரும்பாலும் ஒரே சூத்திரம் எழுதியிருப்பார்கள்: மூன்று போன், ஒரு பதிவுத் தபால், அதன்பிறகு ‘தொடர்பு அற்றவர்’. பதிவுத் தபால் வந்தால் கிராமத்தில் என்ன நினைப்பார்கள்? பேங்க் நோட்டீஸ், இல்லாவிட்டால் கோர்ட் சம்மன். தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது தெருவே எட்டிப் பார்க்கும். பதிவுத் தபாலையே இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். சூத்திரம் மட்டும் மாறாமல் இருக்கிறது. நான் முதலில் போன் செய்வது, வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாலை, ஆறு மணிக்கு மேல். வராத பிறகு செய்யும் போனில் எப்படிப் பேசினாலும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்ளும். ‘இனி வரலை’ என்று சொன்னவர் வேறு, சொல்லாமல் நின்றவர் வேறு. சொன்னவரை மறுபடி கூப்பிடக் கூடாது. ஒரு ஆய்வை நடத்திய கம்பெனி, விடாமல் வருகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு மிக்ஸி பரிசாகக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது. எத்திக்ஸ் கமிட்டி ஒரே வரியில் மறுத்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மிக்ஸிக்காக வருகிறவர் தலைசுற்றல் வந்தாலும் சொல்லமாட்டார்.

புற்றுநோய்ப் பிரிவில் வராதவருக்கு போன் செய்யும் முன் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். பையனோ மருமகளோ எடுப்பார்கள். “அப்பா இல்லைங்க. தவறிட்டாரு.” அந்த நொடியிலிருந்து என் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆய்வில் இருப்பவர் இறந்தது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, எத்திக்ஸ் கமிட்டி, ஆய்வை நடத்தும் நிறுவனம் மூன்று இடத்துக்கும் தகவல் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, என்ன நேரம், கடைசியாக என்ன மருந்து, ஊசி ஏதாவது போட்டார்களா, வீட்டில் இறந்தாரா, வழியிலா? படிவம் முழுக்கக் கேள்விகள். எதிரில் அழுகிற குரல். முதல் போனில் நான் தேதியும் இடமும் தவிர எதுவும் கேட்பதில்லை. முதல் அறிக்கைக்கு அது போதும். விரிவான அறிக்கைக்கு பதினான்கு நாள் கெடு. எங்கள் பக்கம் காரியம் பதினாறாம் நாள். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் நான் பட்ட சங்கடத்தைச் சட்டம் எழுதியவர்களுக்கு விளக்கவே முடியாது. காரியத்துக்கு முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டுப் போய் நின்றிருக்கிறேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். இன்னொரு வீட்டில் காப்பி கொடுத்து, அந்த ஃபைலை அப்பா இதற்காகவே தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் என்று மகள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இழப்பீடு உண்டா இல்லையா என்பது அந்தக் காகிதங்களை வைத்துத்தான் முடிவாகும் என்பதால், கேட்காமலும் இருக்க முடியாது.

காணாமல் போவது ஆள் மட்டுமில்லை, முழு ஆய்வே காணாமல் போவதுண்டு. முடிவு பிடிக்காவிட்டால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவுசெய்யும் பொதுப் பதிவேடு 2007இல் வந்தது. 2009 ஜூன் 15 முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிந்தாக வேண்டும். அப்படி ஒரு ஆய்வு தொடங்கியது என்றாவது இப்போது யாரும் மறைக்க முடியாது. அதில் முடிவுகளையும் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

இத்தனை நாள் வராதவர்களைப் பற்றியே கவலைப்பட்டுவிட்டு, ஆய்வு முடிந்த பிறகும் வருகிறவர்களை நாங்கள் யோசித்துப் பார்க்கவே இல்லை. மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் ஆய்வில் ஆரணிப் பக்கத்து ஆயா ஒருவர் இருந்தார். கடைசி விசிட் முடிந்து, கணக்கெல்லாம் பூட்டி, ஃபைல்கள் பெட்டியில் ஏறிவிட்டன. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆயா வழக்கம்போல என் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முடிந்துவிட்டது என்று கடைசி இரண்டு விசிட்டிலும் சொல்லியிருந்தோம். “அது உங்களுக்கு முடிஞ்சிது. எனக்கு மூச்சு வாங்குது” என்றார்.

ஆய்வு மருந்தைப் பிறகும் இலவசமாகத் தர 2019 விதிகளில் வழி உண்டு. டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாமல் இருக்க வேண்டும். மூச்சிரைப்புக்கு வேறு மருந்து இருக்கிறது. ஆகவே ஆயாவுக்கு அந்த வழி கிடையாது. பொது வரிசையில் ஓபி சீட்டு, டோக்கன், மணிக்கணக்கில் காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். ஆய்வு நடந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பஸ் காசு கொடுத்து, அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் நாங்கள்தான். அந்தக் கவனிப்பும் மருந்தில் பாதி என்று நுரையீரல் பிரிவின் பழைய பேராசிரியர் ஒருவர் சொல்வார். வெற்று மருந்து வாங்கியவர்களும் ஆய்வில் தேறிவருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அவர் கட்சி.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் ஒன்றைப் பிடிவாதமாகச் சேர்க்கவைத்தேன். கடைசி விசிட்டுக்கு முந்தின விசிட்டிலேயே நோயாளியை ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே பார்க்கப்போகிற டாக்டரிடம் காட்டி, அரசு மருந்தகத்தில் கிடைக்கிற மருந்தின் பெயரோடு ஒரு கடிதமும் கையில் கொடுத்துவிட வேண்டும். கோஆர்டினேட்டருக்கு அரை நாள் கூடுதல் வேலை. பட்ஜெட்டில் அதற்குக் காசு கேட்டபோது முதலில் யாரும் கொடுக்கவில்லை, இப்போது சிலர் கொடுக்கிறார்கள்.

ஆயாவை அன்று நானே ஓபிக்குக் கூட்டிப்போனேன். சீட்டுப் போட்டு, டாக்டரிடம் காட்டி, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்தப் பிரிவுக்கு ஓபி நாள் திங்களும் வியாழனும், செவ்வாய்க்கிழமை வராதீர்கள் என்று அட்டையில் எழுதிக் காட்டினேன். அட்டையை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். “திங்கக்கெழம குழுவுக்குப் பணம் கட்டணும். வியாழக்கெழம வரேன், எத்தினி மணிக்கு டோக்கன் குடுப்பாங்க?” என்றார்.